பின்பக்கமாக ஓடிய இன்ஜின்

என் சித்தி நொஹேலியாவின் கணவன் இன்னொருத்தியோடு பஸ் ஏறி ஊரைவிட்டுப் போன அன்று காலை, சித்தி வீட்டு ஜீப் கிளம்பவில்லை. கிளம்பியிருந்தால் அதையும் ஓட்டிக்கொண்டு போயிருப்பான் என்று சித்தி சொல்வாள். அதனால் அந்தப் பழைய பெட்ரோல் இன்ஜின் மேல் அவளுக்கு ஒரு நன்றி இருந்தது. கணவனைப் பற்றிப் பேசும்போது மாறாத குரல், இன்ஜினைப் பற்றிப் பேசும்போது தாழ்ந்துவிடும்.

அதுவரை அவள் ஜீப்பின் பின்படியில் தொங்கிக்கொண்டு வந்தவள். மூட்டைகளுக்குக் கயிறு போடுவாள், குழந்தைகளைத் தூக்கி உள்ளே விடுவாள். ஸ்டீயரிங்கைத் தொட்டதில்லை. அந்த வாரமே கற்றுக்கொண்டாள். இருபது வருடங்களுக்கு மேலாக எங்கள் ஊர்ச் சந்தைத் திடலிலிருந்து எல் புருமால் என்கிற மலைக் கிராமத்துக்கு அவள்தான் ஆள் ஏற்றிப் போகிறாள். காப்பி, வாழைத்தார், கட்டில், மணப்பெண், பிரசவ வலி எடுத்தவள், சவப்பெட்டி, எல்லாம் மோனாவில் போயிருக்கின்றன. மோனா என்பது ஜீப்பின் பெயர். மஞ்சள் தலைமுடிக்காரியை அப்படித்தான் கூப்பிடுவோம்; ஜீப்பும் மஞ்சள். கொலம்பியாவின் காப்பி மலைகளில் பெயரில்லாத ஜீப்பை யாரும் மதிப்பதில்லை.

சித்தி பயந்தவள் என்று சொன்னால் ஊர் சிரிக்கும். ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் பள்ளம் என்று போகிற பாதையில் தினமும் போய்வருகிறவள். ஆனால் அவள் பயத்தோடுதான் போய்வந்தாள் என்பது கூட இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். காலையில் சக்கர நட்டுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்ப்பாள். திடலுக்கு வந்ததும் இறங்கி மறுபடி தொடுவாள். இன்ஜின் மூடியைத் திறந்து முகர்ந்து பார்ப்பாள். மூடிய பிறகு, மூடினோமா என்று பார்க்கத் திரும்பி வருவாள். உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. அரெப்பா என்கிற சோள ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு வண்டியைச் சுற்றியபடியே தின்பாள். மோனா பாதி பெட்ரோலிலும் பாதி சித்தியின் கவலையிலும் ஓடியது.

நான் கப்பல் சமையலறைகளிலும் கண்ட ஊர்களிலும் சுற்றிவிட்டுத் திரும்பி வந்த மாதம், அந்தப் பெட்ரோல் இன்ஜின் செத்தது. பிளாக்கில் விரிசல். வெல்டிங் வைத்துப் பார்த்தார்கள், பக்கத்திலேயே இன்னொரு விரிசல் விட்டது. என் பையை இன்னும் பிரிக்கக்கூட இல்லை. அதற்குள் சித்தி வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"யெசி, சும்மாதானே இருக்க? வந்து விளக்குப் பிடி."

விளக்குப் பிடிக்கப் போனது ஆலயத்துக்குக் கீழே இருக்கும் அர்னுல்ஃபோவின் பட்டறைக்கு. அர்னுல்ஃபோ மெக்கானிக், சித்தியின் பள்ளித் தோழர். உடைத்து விற்கப்பட்ட ஒரு ரொட்டி வண்டியிலிருந்து பழைய டீசல் இன்ஜின் ஒன்றை அவர் கழற்றி வைத்திருந்தார். ஜீப்புக்குள் அது உட்கார மறுத்தது. அடியில் இருந்த சம்ப், அதாவது ஆயில் தொட்டி, முன் ஆக்சிலில் முட்டியது. ரேடியேட்டரை முன்னால் தள்ள வேண்டியிருந்தது. கியர்பெட்டிக்கும் இன்ஜினுக்கும் நடுவில் வைக்க ஒரு கனத்த தகட்டை லேத்தில் வெட்டிக்கொண்டு வந்தார்கள், ஓட்டைகள் பொருந்தவில்லை, திரும்ப வெட்டினார்கள். சங்கிலியில் தொங்கிய இன்ஜின் ஒவ்வொரு முறை இறங்கும்போதும் சித்தி மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள்.

"நொஹேலியா, நீ மூச்சு விட்டா இது விழுந்துடாது," என்றார் அர்னுல்ஃபோ.

"உன் சங்கிலிய நான் பாத்திருக்கேன். அதான் விடல."

அவளுடைய கவலைக்குக் காரணம் இருந்தது. எங்கள் ஊரில் ஒவ்வொரு மலைப்பாதையும் ஒரு ஜீப்புக்கு உரியது. ஜீப் படுத்துவிட்டால் பாதையை வேறொருவருக்குத் தற்காலிகமாகக் கொடுப்பார்கள். எல் புருமால் பாதையை எவெலியோவுக்குக் கொடுத்திருந்தார்கள். அவன் ஜீப் நீளமானது, இருக்கைகளில் மெத்தை உண்டு. ஓட்டுநர்களின் தாயான கார்மென் மாதாவின் திருநாளுக்குள் மோனா திடலுக்குத் திரும்பாவிட்டால் பாதை அவனுக்கே நிரந்தரமாகிவிடும். திரும்புவதென்றால் வெறுமனே வந்து நிற்பதில்லை. இன்ஜின் மாற்றிய ஜீப் சிலுவை ஏற்றம் என்கிற மேட்டில் ஆட்களோடு ஏறிக் காட்ட வேண்டும். ஏற்றம் முடியும்வரை ஒருவரும் இறங்கக் கூடாது. அதுவும் அந்தப் பாதையில் வழக்கமாகப் போகிற ஆட்களே விரும்பி வந்து ஏற வேண்டும். மூட்டை வைத்துக் காட்டுவது செல்லாது. ஓட்டுநர் சங்கத் தலைவர் லிபார்டோ ஐயாவைக் கேட்டால், "மூட்டைக்குப் பயம் கிடையாதே, அப்புறம் எப்படித் தெரியும்?" என்பார்.

பாதை போனால் சித்திக்கு வேறு என்ன இருந்தது? காப்பி பறிக்கப் போகலாம். அவள் முழங்கால்களுக்கு அந்தச் சரிவுகள் ஆகாது. அதை அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை. முழங்காலைத் தேய்த்துக்கொண்டே எவெலியோவின் ஜீப் மேலே போவதைப் பட்டறை வாசலிலிருந்து பார்ப்பாள். அவ்வளவுதான்.

இன்ஜின் ஓடியது. பெரிய சத்தம். பட்டறையின் தகரக் கூரையே நடுங்கியது. சித்தி சிரிக்கவில்லை, தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

"ரொம்பக் கத்துதே. வலிக்குதா அதுக்கு?"

"டீசல்னா அப்படித்தான் பேசும். நீ பழகிப்ப," என்றார் அர்னுல்ஃபோ. பிறகு சாவியைத் திருப்பி அணைத்துக் காட்டினார். இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. "பாத்தியா? சாவிக்கு இது அடங்காது. இந்தக் குமிழ இழுக்கணும். இழுத்தா டீசல் நின்னு போகும், இதுவும் நிக்கும்." குமிழை இழுத்தார். நின்றது. குமிழின் கம்பியை அவர் அப்போதைக்கு ஒரு மெல்லிய கட்டுக்கம்பியால் முறுக்கி வைத்திருந்தார். நல்ல கிளிப் வந்ததும் மாற்றிவிடுவதாகச் சொன்னார். சித்தி அதைக் குனிந்து பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள்.

"மாத்திடுவேன்னு சொன்னேன்ல?"

"சொன்ன."

கிளிப் வருவதற்குள் சோதனை நாள் வந்துவிட்டது.

சந்தை நாள் அது. காலையில் மழை பெய்து விட்டிருந்தது. எல் புருமால்காரர்கள் வாங்கிய சாமான்களோடு திடலில் நின்றார்கள். சித்தியின் ஜீப்பைச் சுற்றி வந்தார்கள், மூடியைத் தட்டினார்கள்.

"அக்கா, இது ரொட்டி வண்டி இன்ஜினாமே? மலை ஏறும்போது வாசனை வருமா?" என்றான் வில்மர். காப்பி பறிக்கிறவன், எப்போதும் பின்படியில் தொங்கி வருகிறவன், உள்ளே இடமிருந்தாலும் உட்காராதவன்.

"வெண்ணெயும் கொண்டு வந்திருக்கலாம்ல நீ," என்றாள் சித்தி. ஆனால் அவள் கை அதற்குள் சக்கர நட்டுக்குப் போய்விட்டது.

உள்ளே ஆண்களும் பெண்களும் நெருக்கி உட்கார்ந்தார்கள். பின்படியில் வில்மரும் அர்னுல்ஃபோவும் இன்னும் சிலரும் தொங்கினார்கள். முன்னால் சித்திக்குப் பக்கத்தில் நான், எனக்குப் பக்கத்தில் ஒத்திலியா. ஒத்திலியா எல் புருமாலில் கடை வைத்திருப்பவள், பருத்த உடம்பு, மடியில் கோழிக் கூடை. அவள் ஏறியதும் மோனா ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

"பாத்தியா, நான் ஏறுனாத்தான் இது வண்டி," என்றாள்.

சிலுவை ஏற்றம் செங்குத்தாகத் தொடங்கும். நடுவில் ஒரு கொண்டை வளைவு. அதைத் தாண்டினால் உச்சி, அங்கே ஒரு வெள்ளைச் சிலுவை. அதனடியில் லிபார்டோ ஐயா குடையோடு நின்றார். சற்றுத் தள்ளி எவெலியோ, கைகளைப் பைக்குள் விட்டபடி. அவன் கேலி செய்யவில்லை. அதுதான் எனக்கு உறுத்தியது. கேலி செய்திருந்தால் திட்டியிருக்கலாம்.

மோனா நன்றாகத்தான் ஏறியது. பின்னால் பாட ஆரம்பித்தார்கள். சித்தி மட்டும் முகம் இறுகி, தலையைச் சாய்த்து இன்ஜினைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் காது இன்னும் பழைய இன்ஜினுக்கே பழகியிருந்தது. டீசலின் சாதாரணச் சத்தமே அவளுக்கு அலறலாகப் பட்டது. வளைவில் அது கத்தியபோது, பாவம் பார்த்து ஆக்சிலரேட்டர் மிதியிலிருந்து காலை எடுத்தாள். இன்ஜின் திக்கியது, குலுங்கியது, நின்றது.

வளைவின் நடுவில், பள்ளத்தைப் பின்னால் வைத்துக்கொண்டு நின்றோம்.

அடுத்து அவள் செய்தது, எங்கள் ஓட்டுநர்கள் எல்லோரும் தூக்கத்தில்கூடச் செய்யக்கூடியது. பழைய ஜீப்பில் நனைந்த பிரேக்கை யாரும் நம்புவதில்லை. ஏற்றத்தில் நின்றுவிட்டால் சாவியை அணைத்து, முதல் கியரில் போட்டு, கிளட்சை விட்டுவிடுவார்கள். வண்டி பின்னால் சரியப் பார்க்கும். செத்த இன்ஜினே அதைப் பிடித்துக்கொள்ளும். சித்தியின் கை சாவிக்குப் போனது, திருப்பியது. பிரேக் வழுக்கி வண்டி பின்னால் சரிந்தது. முதல் கியரில் கிளட்சை விட்டாள்.

இன்ஜின் பிடித்துக்கொள்ளவில்லை. ஓட ஆரம்பித்தது.

சித்தி சட்டென்று கிளட்சை மிதித்தாள். "கிளம்பிடுச்சு!" என்று பின்னால் கை தட்டினார்கள். அவளும் ஒரு நொடி அப்படித்தான் நினைத்திருப்பாள். மிதியை அழுத்தி, முதல் கியரிலேயே கிளட்சை விட்டாள். ஜீப் பின்னால் பாய்ந்தது.

நான் கத்தினேன். ஒத்திலியா கண்களை மூடிக்கொண்டு மாதாவைக் கூப்பிட்டாள். கூடைக்குள் கோழிகள் அடித்துக்கொண்டன. சித்தி பிரேக்கின் மேல் எழுந்தே நின்றாள். வண்டி வழுக்கி, நின்றது. பின்படியிலிருந்து வில்மர் குதித்துவிட்டான். அவன் குதித்ததும் மற்றவர்களும் தொபுக்கென்று குதித்தார்கள்.

"அக்கா! முன்னால போடுக்கா! முன்னால!"

"முதல் கியர்லதான்டா இருக்கு!"

மூடியின் இடுக்கிலிருந்து கறுப்புப் புகை வந்தது. சைலன்ஸரிலிருந்து வர வேண்டிய புகை காற்று உள்ளே போகிற வாயால் வந்துகொண்டிருந்தது. இன்ஜின் சத்தமும் வேறு, கல்லை மென்றது போல. அர்னுல்ஃபோ பக்கவாட்டில் ஓடி வந்து ஜன்னலைப் பிடித்துக்கொண்டார். 

"நொஹேலியா, இது தலைகீழா சுத்துது! பின்னால தள்ளிக் கிளப்பிட்ட. டீசல் வந்தா போதும் இதுக்கு, எந்தப் பக்கம்னு கவலையே கிடையாது!"

சித்தி ஆயில் அழுத்தம் காட்டும் முள்ளைப் பார்த்தாள். அடியில் படுத்துக் கிடந்தது. பிறகு முன்கண்ணாடி வழியே மேலே பார்த்தாள். சிலுவை அவ்வளவு பக்கத்தில் இருந்தது. லிபார்டோ ஐயாவின் குடைக் கம்பிகளைக்கூட எண்ணலாம். உள்ளே இருந்தவர்கள் இன்னும் இறங்கவில்லை.

"அப்போ ரிவர்ஸ் போட்டா மேல ஏறும்," என்றாள். யாரிடமும் அல்ல.

அது உண்மை. ஏறியிருக்கும். அவள் கை கியர்க் கம்பியின் மேல் இருந்தது. அந்தக் கையின் நரம்புகளைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"போடாத! ஆயில் ஏறல, உள்ள எல்லாம் காஞ்சு உரசுது. மேல போறதுக்குள்ள இன்ஜின் போயிடும்!"

சித்தி கியர்க் கம்பியை விட்டாள். குமிழைப் பிடித்து இழுத்தாள். குமிழ் கம்பியோடு அவள் கையிலேயே வந்துவிட்டது. அந்த மெல்லிய கட்டுக்கம்பி!

அவள் அர்னுல்ஃபோவைப் பார்த்த பார்வையை நான் எழுத முடியாது. குமிழை என் மடியில் போட்டாள். "எல்லாரும் இறங்குங்க! கல்லு வைங்கடா!" என்று கத்தினாள். உள்ளே இருந்தவர்கள் இறங்கினார்கள். வில்மரும் மற்றவர்களும் சக்கரங்களுக்குப் பின்னால் கற்களைத் திணித்தார்கள். சித்தி பிரேக்கை முழுதாக மிதித்து, மேல் கியரில் போட்டு, கிளட்சை ஒரேயடியாக விட்டாள். மோனா ஒரு குதி குதித்தது. கல்லில் முட்டியது. இன்ஜின் நெஞ்சடைத்து நின்றது.

கோழிகள் மட்டும் சத்தம் போட்டன.

லிபார்டோ ஐயா இறங்கி வந்தார். மெதுவாகத்தான் வந்தார். சித்தி இறங்காமல் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"ஆளுங்க இறங்கிட்டாங்கம்மா."

"நான்தான் இறங்கச் சொன்னேன் ஐயா."

"தெரியும். ஆனா இது செல்லாது. திருநாளுக்கு முந்தி இன்னொரு சந்தை இருக்கு. ஆள் வந்து ஏறுனா அன்னிக்கு ஏறிக் காட்டு."

"நான் இறங்கலயே, என்னையும் ஒரு ஆளாச் சேத்துக்கக் கூடாதா?" என்றாள் ஒத்திலியா, இன்னும் கண்ணைத் திறக்காமல்.

"நீ மாட்டிக்கிட்டு இருக்கம்மா. அது வேற." உண்மைதான், கூடைக்கும் கதவுக்கும் நடுவில் அவள் சிக்கியிருந்தாள். அவளை வெளியே எடுக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது.

எல் புருமால்காரர்கள் சாமான்களைத் தூக்கிக்கொண்டு, ஏற்றத்தின் அடியில் நின்ற எவெலியோவின் ஜீப்பில் ஏறினார்கள். வேறு என்ன செய்வார்கள்? வீட்டுக்குப் போக வேண்டுமே. எவெலியோ சித்தியிடம் வந்து, "கயிறு கட்டி இழுத்துக் கீழ விடட்டுமா அக்கா?" என்றான். சித்தி வேண்டாம் என்று தலையசைத்தாள். மெத்தை இருக்கைகள் நிறைந்து அவன் ஜீப் எங்களைக் கடந்து ஏறியது. அதில் இருந்த யாரும் எங்கள் பக்கம் திரும்பவில்லை. வெட்கமாக இருந்திருக்கும்.

பட்டறையில் சம்பைக் கழற்றினார்கள். நான் விளக்குப் பிடித்தேன். அர்னுல்ஃபோ இன்ஜின் தண்டு சுழலும் பேரிங் ஓடுகளை எடுத்துத் துடைத்து, நகத்தால் குறுக்கே வருடிப் பார்த்தார். கோடு விழுந்திருந்தால் நகம் மாட்டும். மாட்டினால் இன்ஜின் முடிந்தது. ஒவ்வொரு ஓடாக அவர் வருடிய பிறகு சித்தி வாங்கித் தானும் வருடினாள். அவர் சொல்வதை அவள் இனி நம்பப் போவதில்லை. கடைசி ஓட்டில் ஏதோ தட்டுப்பட்டது. அவள் நிமிர்ந்து பார்த்தாள். அர்னுல்ஃபோ வாங்கி மறுபடி துடைத்தார். ஒரு நூல் இழை, துணியிலிருந்து வந்தது.

"மாட்டல," என்றார்.

சித்தி வெளியே போய்ச் சுவரோரம் நின்றாள். அங்கே என்ன செய்தாளோ, நான் போய்ப் பார்க்கவில்லை.

"கிளிப்?" என்றாள், திரும்பி வந்ததும்.

"இன்னிக்கே போடறேன். என் பைக்லேர்ந்து கழட்டிப் போடறேன். திட்டேன் நொஹேலியா, திட்டிடு."

"திட்டுனா உனக்கு நிம்மதி ஆயிடும். மாட்டேன்."

அடுத்த சந்தைவரை அவள் தினமும் ஆளில்லாத சரிவுகளில் மோனாவை ஓட்டினாள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். வேண்டுமென்றே இன்ஜினை நிறுத்துவாள். நின்றதும், குமிழுக்குப் போக வேண்டிய கை சாவிக்கு ஓடும். நான் தட்டிவிடுவேன். மறுபடி ஓடும். கடைசியில், இன்ஜின் ஓடும்போதே சாவியை உருவி மாதா பதக்கத்தோடு சேர்த்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். இந்த டீசல் அதற்குக் கோபித்துக்கொள்ளவில்லை. கை போய்த் துழாவும், வெறும் ஓட்டையைத் தொடும், திரும்பி வரும். காலைத்தான் பழக்க முடியவில்லை. இன்ஜின் கத்தும்போது அவள் கால் இரக்கப்பட்டுத் தூக்கிக்கொண்டே இருந்தது.

"கத்தட்டும் சித்தி. அதுக்கு வலிக்கல."

"உனக்கு எப்படித் தெரியும்?"

சந்தை நாள் விடிந்தது. மோனாவைத் திடலில் அதன் பழைய இடத்தில் நிறுத்தினாள், இன்ஜினை அணைக்கவில்லை. பக்கத்திலேயே எவெலியோவின் ஜீப், கதவு திறந்து, மெத்தை தெரிய நின்றது. எல் புருமால்காரர்கள் வந்தார்கள். வணக்கம் சொன்னார்கள். காய்கறிக் கடைக்குப் போனார்கள், உப்புக் கடைக்குப் போனார்கள், வாங்கியதையே மறுபடி விலை கேட்டார்கள். யாரும் எந்த ஜீப் பக்கமும் வரவில்லை. சித்தி இறங்கி நட்டுகளைத் தொட்டாள். ஏறினாள். இறங்கினாள். லிபார்டோ ஐயா மேலே போய்விட்டார். அவர் குடை சிலுவைக்கடியில் ஒரு புள்ளியாகத் தெரிந்தது.

வில்மர் தோளில் அரிசி மூட்டையோடு வந்தான். எவெலியோவின் ஜீப்புக்கு நேரே போனான். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். மூட்டையை எவெலியோவின் ஜீப்புக்குள் வீசிவிட்டு, வெறும் கையோடு எங்களிடம் வந்தான்.

"அக்கா, இன்னிக்கு எந்தப் பக்கமா ஓடுது?"

"ஏறித்தான் பாரேன். பின்னால போனா நீதான் முதல்ல போய்ச் சேருவ."

"அரிசி அதுல வரட்டும். எங்கம்மா அரிசி போனா அடிப்பா. நான் போனா அழுதுட்டு விட்டுடுவா." பின்படியில் ஏறித் தொங்கினான்.

யாரோ சிரித்தார்கள். பிறகு ஒத்திலியா வந்தாள், இந்த முறை கூடையில்லாமல். "கோழிங்க வரமாட்டேன்னுடுச்சு," என்றாள். பிறகு இரண்டு பேர், நான்கு பேர். எல்லோரும் வரவில்லை. போன முறையில் பாதிக்குக் கொஞ்சம் மேல். கைக்குழந்தைக்காரிகள் எவெலியோவின் ஜீப்பிலேயே உட்கார்ந்தார்கள். சித்தி அவர்களைப் பார்த்துச் சரி என்பதுபோல் தலையசைத்தாள்.

யாரும் பாடவில்லை. வளைவு வந்தது. இன்ஜின் கத்தியது. சித்தியின் கால் தூக்கியது, நான் பார்த்தேன். சத்தம் இறங்கியது, வண்டி குலுங்கியது. அவள் கை சாவி ஓட்டைக்குப் போய்த் துழாவியது. ஒன்றுமில்லை. கழுத்தில் சாவி ஆடியது. "கத்திக்கோ, கத்திக்கோடி," என்று பல்லைக் கடித்துக்கொண்டு மிதியைத் தரையோடு அழுத்தினாள். மோனா அலறிக்கொண்டு வளைவைத் தாண்டியது.

உச்சியில் லிபார்டோ ஐயா குடையை உயர்த்திக் காட்டினார். நிறுத்த வேண்டும், அவர் சுற்றிப் பார்த்துச் சொல்ல வேண்டும். சித்தி நிறுத்தவில்லை.

"அக்கா, ஐயா கூப்பிடறாரு!"

"காது கேக்கல."

"நொஹேலியா! சரிதான்மா, போதும்! பாதை உன்னுதுதான்! நில்லு!" என்று அவர் பின்னால் கத்துவது கேட்டது. ஒத்திலியா ஜன்னல் வழியே அவருக்குக் கையசைத்தாள். சித்தி நேராக எல் புருமால்வரை ஓட்டினாள்.

அங்கே எல்லோரும் இறங்கினார்கள். ஒத்திலியா தன் கடையைத் திறந்து பருப்பும் சோறும் பொரித்த வாழைக்காயும் போட்டு வைத்தாள். "நிறுத்திட்டு உள்ள வந்து உக்காந்து சாப்பிடுடி. பாதைதான் வந்துடுச்சே."

"இப்ப வேணாம். இங்கேயே குடு."

"ஏன், அணைச்சா மறுபடி கிளம்பாதா?"

சித்தி கையை நீட்டினாள். தட்டை ஜன்னல் வழியே வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். ஒரு கால் பிரேக்கில் இருந்தது. ஆயில் முள்ளைப் பார்த்தபடியே சாப்பிட ஆரம்பித்தாள். உட்கார்ந்துதான் சாப்பிட்டாள். மோனா தடதடவென்று ஓடிக்கொண்டே இருந்தது. தட்டில் பருப்பு நடுங்கிக்கொண்டே இருந்தது.